லிண்ட்சி, தியோபிலஸ் (1723–1808)

லிண்ட்சி, தியோபிலஸ்: இங்கிலாந்துத் திருச்சபையில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு குருவாகப் பணியாற்றி, மனச்சான்றின் பொருட்டு 1773இல் அப்பதவியைத் துறந்து, அடுத்த ஆண்டு லண்டனில் யூனிட்டேரியன் என்னும் பெயரை மறைக்காமல் தாங்கிய வழிபாட்டுச் சபை ஒன்றை நிறுவியவர். கடவுள் ஒருவரே, அவர் பிதா மட்டுமே என்றும், இயேசு கடவுளால் அனுப்பப்பட்ட மனிதராகிய ஆசான் என்றும் கொள்ளும் கிறித்தவப் பிரிவினருக்கு யூனிட்டேரியர் என்று பெயர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை அவர்கள் ஏற்பதில்லை. இக்கருத்து லிண்ட்சிக்கு முன்பே இங்கிலாந்தில் தனிமனிதர் பலரிடம் இருந்தது; நூல்களிலும் பேசப்பட்டது. ஆனால் அது வாசகரின் படிப்பறையிலும் நண்பர்களின் கடிதங்களிலும் தங்கியிருந்ததே தவிர, ஞாயிறுதோறும் மக்கள் கூடி வணங்கும் ஓர் இடத்தை நிலையாகப் பெறவில்லை. அந்த இடத்தை உண்டாக்கியது லிண்ட்சியின் பணி. புதிய இறையியல் எதையும் அவர் வகுத்துவிடவில்லை. நம்பாத ஒன்றை வழிபாட்டில் வாயால் சொல்வது பொய்யாகும் என்ற எளிய முடிவுக்கு வந்து, அதற்கான விலையைக் கொடுத்தார் என்பதே அவரை வரலாற்றில் நிறுத்துகிறது.

சட்டமும் காலமும்

லிண்ட்சியின் துணிவை அளவிட அக்காலச் சட்டங்களை அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை அரசின் திருச்சபை. அதன் தலைமை மன்னருடையது. அதில் குருவாக அமர்த்தப்படும் ஒவ்வொருவரும் முப்பத்தொன்பது பிரமாணங்கள் எனப்படும் கொள்கைத் தொகுப்புக்குக் கையெழுத்திட வேண்டும் என்பது பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வந்த விதி. ஒரு பதவியிலிருந்து இன்னொரு பதவிக்கு மாறும்போதும் அவர் மீண்டும் அதே உறுதியைத் தர வேண்டியிருந்தது. 1662ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டம் பொது ஜெபப் புத்தகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் குருவானவரின் ஒப்புதலைக் கேட்டது. அதற்கு இசையாத ஏறத்தாழ 2,000 குருமார் அப்போது பதவியிழந்தனர். திருச்சபைக்கு வெளியே நின்று வழிபட்டவர்கள் டிசென்டர்கள் எனப்பட்டனர். அவர்களுக்கு 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் வழிபாட்டு உரிமையைத் தந்தபோதும், திரித்துவத்தை மறுப்போரை அந்த உரிமையிலிருந்து விலக்கியே வைத்தது. 1698இல் நடைமுறைக்கு வந்த தெய்வநிந்தனைச் சட்டம் இன்னும் கடுமையானது. கிறித்தவராக வளர்க்கப்பட்ட ஒருவர் திரித்துவத்தை மறுத்து எழுதினாலோ பேசினாலோ முதல் முறை அரசுப் பதவிகளுக்கு உள்ள தகுதியை இழப்பார். இரண்டாம் முறை மூன்றாண்டுச் சிறை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சட்டத்தைக் கொண்டு வழக்குத் தொடுப்பது அரிதாகிவிட்டது உண்மைதான். ஆயினும் அது ஏட்டில் இருந்தது. எவர் நினைத்தாலும் எடுத்து வீசத்தக்க கருவியாகவே இருந்தது.

இளமையும் கல்வியும்

லிண்ட்சி 1723 ஜூன் 20ஆம் நாள் செஷயர் மாவட்டத்திலுள்ள மிடில்விச் என்னும் ஊரில் பிறந்தார். உப்பு ஊற்றுகளால் பெயர்பெற்ற அவ்வூரில் அவருடைய தந்தை ராபர்ட் லிண்ட்சி துணி வணிகம் செய்ததோடு உப்பளத் தொழிலிலும் ஈடுபட்டிருந்தார். தாய் ஜேன் ஸ்பென்சர் திருமணத்துக்கு முன் ஹண்டிங்டன் பிரபு குடும்பத்தாருடன் வாழ்ந்தவர். அத்தொடர்பால் ஒன்பதாம் ஹண்டிங்டன் பிரபுவான தியோபிலஸ் ஹேஸ்டிங்ஸ் குழந்தைக்கு ஞானத்தந்தையாகித் தம் பெயரையே வழங்கினார். பிரபுக்களின் ஆதரவு இல்லாமல் திருச்சபையில் நல்ல பதவி கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. லிண்ட்சியின் முன்னேற்றத்துக்கு வழி பிறப்பிலேயே திறந்திருந்தது என்பதையும், பின்னர் அவர் துறந்தது எத்தகைய வாய்ப்பை என்பதையும் இதிலிருந்து உணரலாம்.

மிடில்விச்சிலும் பின்னர் லீட்ஸ் நகரப் பள்ளியிலும் படித்த அவர், 1741இல் கேம்பிரிட்ஜ் புனித யோவான் கல்லூரியில் சேர்ந்து, 1747இல் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குருப்பட்டம் பெற்றதும் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சிற்றாலயத்தில் சிறிது காலம் பணிபுரிந்து, பிறகு சாமர்செட் கோமகனின் இல்லக் குருவானார். கோமகன் 1750இல் இறந்தபின், அவருடைய பேரனும் பிற்காலத்தில் நார்தம்பர்லாந்துக் கோமகனாக ஆனவருமான சிறுவனுக்குத் துணையாக ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள் பயணம் செய்தார். திரும்பியதும் 1753இல் யார்க்ஷயரின் வடபகுதியிலுள்ள கர்க்பி விஸ்க் சேகரத்தின் குருவாக அமர்த்தப்பட்டார். சேகரம் என்பது ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் ஊர்த்தொகுதி. அங்கே அருகிலிருந்த ரிச்மண்ட் நகரில் வாழ்ந்த ஆர்ச்டீக்கன் பிரான்சிஸ் பிளாக்பர்னுடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஆர்ச்டீக்கன் என்பவர் பேராயருக்கு அடுத்த நிலையில் ஒரு வட்டாரத்தின் குருமாரை மேற்பார்வையிடுபவர். பிளாக்பர்னோ குருமாரிடம் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியவர்.

1756இல் ஹண்டிங்டன் பிரபு குடும்பத்தின் பரிந்துரையால் லிண்ட்சி தெற்கே டார்செட் மாவட்டத்தின் பிடில்டவுன் சேகரத்துக்கு மாறினார். 1760இல் பிளாக்பர்னின் மனைவிக்கு முதல் மணத்தில் பிறந்த ஹன்னா எல்ஸ்வொர்த்தை மணந்தார். கணவரைவிடப் பதினேழு வயது இளையவரான ஹன்னா பின்னாளைய துயரங்களில் உறுதி குலையாதவராக இருந்தார். லண்டனில் வருவாயின்றித் தவித்த மாதங்களைத் தாண்டச் செய்ததில் கணவருக்குச் சமமான பங்கு அவருக்கு உண்டு.

கேட்டரிக்கில் பத்து ஆண்டுகள்

பிடில்டவுனில் இருந்தபோதே லிண்ட்சியின் மனத்தில் ஐயம் முளைத்துவிட்டது. முன்பு தம்முடன் பயணம் செய்த சிறுவனின் தந்தையான நார்தம்பர்லாந்துப் பிரபு அயர்லாந்தின் ஆளுநராகச் சென்றபோது தமக்கு இல்லக் குருவாக வருமாறு அழைத்தார். அப்பதவி பெரும்பாலும் பேராயர் நிலைக்கு ஏற்றிவிடும் படி. லிண்ட்சி அதை ஏற்கவில்லை. மாறாக 1763இல் மனைவியின் குடும்பத்தாருக்கு அருகில் இருக்கும்பொருட்டு யார்க்ஷயரின் கேட்டரிக் சேகரத்துக்கு மாற்றம் பெற்றார். புதிய பதவிக்குச் செல்ல மறுபடியும் பிரமாணங்களுக்கு ஒப்பம் தர வேண்டியிருந்தது, அவர் தந்தார். அந்தக் கையெழுத்தைப் பிற்காலத்தில் அவர் நியாயப்படுத்த முயலவில்லை. ஜெபங்களில் வரும் மூன்று பெயர்களை ஒரே கடவுளின் மூன்று தோற்றங்கள் என்று தமக்குள் விளக்கிக்கொண்டு காலம் தள்ளியதைத் தம் நூலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அந்த விளக்கம் தம்மை நெடுநாள் ஏமாற்றியது என்று வருந்தினார்.

இந்த வாக்குமூலம்தான் அவருடைய வாழ்க்கையில் மிகவும் எண்ணிப் பார்க்கத்தக்க பகுதி. ஐயம் தோன்றிய அன்றே பதவியைத் தூக்கியெறிந்தவராக அவரைச் சித்திரிப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றினாலும் உண்மைக்குப் புறம்பானது. நல்ல மனம் படைத்த ஒருவர், ஏழைகளுக்கு உதவும் வாய்ப்பு, மனைவியின் பாதுகாப்பு, சேகர மக்களின் அன்பு ஆகிய நியாயமான காரணங்களைக் காட்டித் தம்மைத் தாமே பத்தாண்டுகள் அடக்கிவைத்திருந்தார் என்பதே நடந்தது. அந்தப் பத்தாண்டுகள் வீணாகவும் இல்லை. கேட்டரிக்கில் தம்பதியர் தங்கள் வருவாயில் மிஞ்சியதையெல்லாம் ஊராருக்கே செலவிட்டனர். நோயாளிகளுக்கு மருந்தும் உணவும் கொடுத்தனர். சிறுவர்களுக்குப் புத்தகங்கள் வழங்கினர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் கூட்டி வேதம் கற்பித்தனர். ஞாயிறு பள்ளிகளின் தந்தை என்று புகழப்படும் ராபர்ட் ரெய்க்ஸ் குளோஸ்டர் நகரில் 1780இல் தம் பணியைத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்தது. கேட்டரிக்கின் முந்தைய குருவின் மகளான கேத்தரின் ஹாரிசன், பிற்காலத்தில் கேத்தரின் கேப் என்ற பெயரில் பெண்கல்விக்கும் ஏழைச் சிறுமியருக்கும் உழைத்தவர், இந்த வகுப்புகளைக் கண்டு கற்றதைத் தம் நினைவுக்குறிப்புகளில் நன்றியுடன் பதிந்திருக்கிறார்.

1769இல் பிளாக்பர்னின் ரிச்மண்ட் இல்லத்தில் லிண்ட்சி ஜோசப் பிரீஸ்ட்லியைச் சந்தித்தார். அப்போது பிரீஸ்ட்லி லீட்ஸ் மில் ஹில் சிற்றாலயத்தின் குரு. வேதியியலில் ஆக்சிஜன் ஆய்வால் உலகப் புகழ் பெற்றது அதற்குப் பிறகு. பழுத்த டிசென்டரான அவருக்குச் சொல்லும் செயலும் ஒன்றாயிருப்பது இயல்பாகவே வந்த பழக்கம். லிண்ட்சி தம் நெருக்கடியை அவரிடம் மனம்திறந்து சொன்னார். பிரீஸ்ட்லி தொடக்கத்தில் தந்த யோசனை, பதவியில் இருந்துகொண்டே ஜெபங்களைத் தம் மனத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்ல வேண்டும், பேராயர் வெளியேற்றினால் வெளியேறிக்கொள்ளலாம் என்பதாகும். ஆனால் உறுதிமொழி கொடுத்து ஏற்ற பொறுப்பில் இருந்துகொண்டு அதை மீறுவது லிண்ட்சிக்கு ஒப்பவில்லை. இருவரின் நட்பு முப்பத்தைந்து ஆண்டுகள், பிரீஸ்ட்லி 1804இல் அமெரிக்காவில் இறக்கும்வரை தளராமல் நீடித்தது. பிரீஸ்ட்லியின் வாழ்க்கையை எழுதுவோருக்கு அவர் லிண்ட்சிக்கு எழுதிய கடிதங்களே முதன்மையான ஆதாரங்களுள் ஒன்றாக விளங்குகின்றன.

ஃபெதர்ஸ் விடுதி மனு

வெளியேறுவதற்கு முன் லிண்ட்சி திருச்சபையை உள்ளிருந்தே திருத்தும் முயற்சி ஒன்றில் முழுமூச்சாக இறங்கினார். பிளாக்பர்ன் 1766இல் தம் பெயரிடாமல் வெளியிட்ட நூல் ஒன்று, புரட்டஸ்டன்ட் திருச்சபை வேதாகமத்தைத் தவிர வேறு எதையும் குருமார் மீது சுமத்த உரிமையில்லை என்று வாதிட்டுப் பெரும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. அக்கருத்தையொட்டி 1771 ஜூலையில் லண்டன் ஸ்டிராண்டு சாலையின் ஃபெதர்ஸ் விடுதியில் குருமார் சிலர் கூடி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பத் தீர்மானித்தனர். முப்பத்தொன்பது பிரமாணங்களுக்குக் கையெழுத்திடும் கட்டாயத்தை நீக்கி, வேதாகமத்தில் நம்பிக்கை தெரிவிப்பதே போதும் என்று சட்டம் செய்ய வேண்டும் என்பது அதன் கோரிக்கை. லிண்ட்சி அந்தக் குளிர்காலத்தில் பனியிலும் மழையிலும் ஏறத்தாழ 2,000 மைல் பயணம் செய்து குருமாரை ஒருவர் பின் ஒருவராகச் சந்தித்துக் கையெழுத்துக் கேட்டார். தனிமையில் தலையசைத்தவர்கள் பலர். பேனாவைத் தொடத் தயங்கியவர்களும் பலர். மருத்துவர், வழக்கறிஞர் சிலர் உட்பட இறுதியில் கிடைத்தவை சுமார் 250 கையெழுத்துகள். பல்லாயிரம் குருமார் உள்ள ஒரு திருச்சபையில் இது சொற்பமே.

1772 பிப்ரவரி 6ஆம் நாள் சர் வில்லியம் மெரெடித் மனுவைக் கீழவையில் முன்வைத்தார். விவாதம் பல மணி நேரம் நீண்டது. யார்க்ஷயர் உறுப்பினர் சர் ஜார்ஜ் சவில் மனுவை ஆதரித்துப் பேச, எட்மண்ட் பர்க் எதிர்த்துப் பேசினார். வேதாகமம் என்பது ஒரே கொள்கைச் சுருக்கம் அன்று, பல காலத்தில் பல வகையாக எழுதப்பட்ட நூல்களின் தொகுதி. ஆகவே அதை மட்டும் ஏற்பதாகச் சொல்பவர் உண்மையில் எதை ஏற்கிறார் என்பது விளங்காது. பொதுப்பணத்தில் ஊதியம் கொடுக்கும் அமைப்பு தன் ஆசிரியர்கள் எதைக் கற்பிப்பார்கள் என்று கேட்பது நியாயமே என்பது பர்க்கின் வாதம். அதில் வலு இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் நம்பாததை நம்புவதாக எழுதித் தரும்படி செய்யும் முறை திருச்சபைக்கு நேர்மையான ஆசிரியர்களைத் தருமா என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. வாக்கெடுப்பில் மனுவை ஏற்க 71 பேரும் எதிர்க்க 217 பேரும் நின்றனர். மனு வீழ்ந்தது. டிசென்டர் குருமாருக்கு மட்டும் 1779இல் இக்கையெழுத்திலிருந்து விடுதலை கிடைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் குருமாருக்குக் கிடைக்கவில்லை.

பதவித் துறவு

மனு தோற்றபின் லிண்ட்சிக்கு முன் இருந்த வழி ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட கடும் நோய் அவரைத் தம் நிலையை மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்திருந்தது. 1662இல் வெளியேறிய குருமாரின் வரலாறும், 1764இல் இதே காரணத்துக்காக அயர்லாந்தில் பதவியைத் துறந்த வில்லியம் ராபர்ட்சனின் எடுத்துக்காட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. 1773 நவம்பரில் அவர் தம் முடிவைப் பேராயருக்குத் தெரிவித்தார். சேகரத்தாருக்குப் பிரியாவிடை மடல் ஒன்றை எழுதி அச்சிட்டு வழங்கினார். சேமிப்பு என்று ஏதும் இல்லை. வெள்ளிப் பாத்திரங்களையும் நூலகத்தின் ஒரு பகுதியையும் விற்ற பணமே லண்டன் பயணத்துக்கும் அங்கே முதல் மாத வாழ்க்கைக்கும் ஆதாரம். ஐம்பது வயதில், தலைமுறைத் தொடர்பு கொண்ட புரவலர்களின் தயவையெல்லாம் உதறிவிட்டு, அவரும் ஹன்னாவும் லண்டனில் சிறிய வாடகை அறைகளில் குடியேறினர்.

நெருங்கியவர்களே இதை விரும்பவில்லை. கையெழுத்து முறையைத் தாக்கி நூல் எழுதிய பிளாக்பர்ன்கூட வெளியேறவில்லை. புதிய பதவிகளை ஏற்பதில்லை என்ற அளவோடு நின்றுகொண்டார். மருமகனின் கொள்கையை அவர் ஏற்கவும் இல்லை. தாம் ஏன் அக்கொள்கையினர் அல்லர் என்று தனியே விளக்கக் குறிப்பு எழுதி வைத்தார். மனுவில் கையெழுத்திட்டவர்களுள் லிண்ட்சியைப் பின்தொடர்ந்து பதவியைத் துறந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே: 1775இல் கேம்பிரிட்ஜின் ஜான் ஜெப் வெளியேறி மருத்துவரானார், 1782இல் ஜான் டிஸ்னி வெளியேறினார். டிஸ்னி பிளாக்பர்னின் மகளை மணந்தவர். ஆகவே அந்த ஆர்ச்டீக்கனின் குடும்பத்திலிருந்தே இரு மருமகன்கள் வெளியேறியதாயிற்று.

1774 தொடக்கத்தில் லிண்ட்சி தம் துறவுக்கான காரணங்களை விளக்கும் தன்னிலை விளக்கத்தை வெளியிட்டார். திரித்துவக் கோட்பாட்டின் வரலாற்றை ஆராய்ந்து, பிதாவாகிய கடவுளை மட்டுமே வணங்க வேண்டும் என்று வேதாகமத்திலிருந்து நிறுவ முயலும் அந்நூல் பல பதிப்புகள் கண்டது; எதிர்ப்புகளுக்கு விடையாக 1776இல் அதன் தொடர்ச்சியும் வந்தது. நடையில் அலங்காரமோ வாதத்தில் ஏளனமோ இல்லை. பிறருக்குத் தீர்ப்பு வழங்காமல் தம்மை மட்டும் குற்றம் சொல்லிக்கொள்ளும் பாங்கே படித்தவர்களின் மனத்தைத் தொட்டது.

எசெக்ஸ் தெரு

ஸ்டிராண்டு சாலையிலிருந்து தேம்ஸ் ஆற்றை நோக்கி இறங்கும் எசெக்ஸ் தெருவில், எசெக்ஸ் மாளிகை என்னும் கட்டடத்தில், புத்தக ஏலம் நடந்துவந்த கூடம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. மேடை, இருக்கைகள் முதலியவற்றுக்கு நண்பர்கள் பணம் திரட்டினர். வெஸ்ட்மின்ஸ்டர் நீதிபதிகள் வழிபாட்டு இடமாகப் பதிவு செய்யத் தயங்கியபோது வழக்கறிஞர் ஜான் லீ முன்னின்று வாதாடி இடையூறுகளை விலக்கினார். 1774 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, முதல் வழிபாடு நடந்தது. ஏறத்தாழ 200 பேர் வந்திருந்தனர். அவர்களுள் பிரீஸ்ட்லியும், அமெரிக்கக் குடியேற்றங்களின் சார்பில் அப்போது லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்ளினும் உண்டு. சட்டத்துக்கு மாறாக எதுவும் பேசப்படுகிறதா என்று கவனிக்க அரசின் சார்பிலும் ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். லிண்ட்சி எபேசியருக்கு எழுதின நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைக் கொண்டு, ஆவியின் ஒருமையையும் சமாதானத்தையும் பற்றிப் பிரசங்கித்தார், எவரையும் தாக்கவில்லை. ஆங்கிலிக்கன் குருவின் அடையாளமான வெள்ளை மேலங்கியை அன்று அவர் அணியவில்லை.

அன்று கையில் எடுத்த புத்தகமே அவருடைய உண்மையான சாதனை. பொது ஜெபப் புத்தகத்தை ஒதுக்கிவிடாமல், அதையே திருத்தி அச்சிட்டிருந்தார். இத்திருத்தத்துக்கு வழிகாட்டியவர் அரை நூற்றாண்டுக்கு முந்தைய அறிஞர் சாமுவேல் கிளார்க். 1712இல் திரித்துவம் பற்றிய வேதாகமப் போதனையை ஆராய்ந்து நூல் வெளியிட்டுக் கண்டனத்துக்கு உள்ளான கிளார்க், தம் சொந்த ஜெபப் புத்தகப் பிரதியில் எந்தெந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று கையாலே குறித்து வைத்திருந்தார். அப்பிரதி பின்னர் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. லிண்ட்சி அக்குறிப்புகளைப் பின்பற்றி, அவற்றைத் தாண்டியும் சென்றார்.

திருத்தம் எப்படிப்பட்டது என்பதை ஓர் இடத்தை உற்றுப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். லித்தானியா என்பது குரு ஒரு வேண்டுதலைச் சொல்ல, சபையார் இரக்கம் கேட்டு மறுமொழி சொல்லும் நீண்ட மன்றாட்டு. பழைய புத்தகத்தில் அது நான்கு விளிகளுடன் தொடங்கும்: முதலாவது பிதாவை நோக்கி, இரண்டாவது குமாரனை நோக்கி, மூன்றாவது பரிசுத்த ஆவியை நோக்கி, நான்காவது மூவரையும் சேர்த்துத் திரித்துவத்தை நோக்கி. கேட்டரிக்கில் லிண்ட்சி பத்தாண்டுகள் இந்த நான்கையும் தம் வாயால் சொல்லிச் சபையாரின் மறுமொழியையும் கேட்டிருந்தார். புதிய புத்தகத்தில் மன்றாட்டு பிதா ஒருவரை மட்டுமே நோக்கி எழுகிறது. சங்கீதங்களின் முடிவில் மூவருக்கும் மகிமை கூறும் வாய்பாடு மாற்றப்பட்டது. நிசேயா, அத்தனாசியு விசுவாசப் பிரமாணங்கள் நீக்கப்பட்டன. அத்தனாசியு பிரமாணம் தன்னை ஏற்காதவர்களுக்கு மீட்பில்லை என்று அச்சுறுத்துவதால், ஆங்கிலிக்கன் குருமாரிலேயே பலர் அதை வாசிக்கக் கூசியதுண்டு. மற்றபடி வரிசை, நடை, பாவ அறிக்கை, நன்றி ஜெபங்கள் யாவும் பழகியவையாகவே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்குத் தம் ஊர்க் கோயிலில் இருப்பதாகவே தோன்றும். யாரை நோக்கி ஜெபம் சொல்லப்படுகிறது என்பது மட்டும் மாறியிருக்கும். டிசென்டர்களின் வழக்கப்படி குருவானவர் மனத்தில் தோன்றியபடி ஜெபிக்கும் முறையை லிண்ட்சி ஏற்காததற்குக் காரணம் இதுவே: அவர் திருச்சபையை வெறுத்து வெளியேறியவர் அல்லர்.

கூட்டம் பெருகவே, எசெக்ஸ் மாளிகை விலைக்கு வாங்கப்பட்டு, சிற்றாலயமும் குருவின் குடியிருப்பும் அமைக்கப்பட்டன. புதிய ஆலயம் 1778 மார்ச் 29இல் திறக்கப்பட்டது. முன்னாள் பிரதமர் கிராஃப்டன் கோமகன், நாடாளுமன்ற உறுப்பினர்கள், வழக்கறிஞர்கள் முதலானோர் வந்து வணங்கிய அச்சபை எண்ணிக்கையில் என்றும் பெரியதாக இல்லை. செல்வாக்குள்ளவர்கள் வெளிப்படையாக வந்து அமர்ந்ததால் சட்டத்தின் அச்சம் மெல்லக் கரைந்தது. 1783 முதல் டிஸ்னி உடன்குருவாகப் பணியைப் பகிர்ந்துகொண்டார்.

எழுத்தும் இறுதி ஆண்டுகளும்

லிண்ட்சி பிரசங்கத்தில் சுடர்விட்டவர் அல்லர். அவருடைய செல்வாக்கு எழுத்தாலும் கடிதங்களாலும் பரவியது. சீர்திருத்தக் காலம் முதல் தம் காலம்வரை யூனிட்டேரியன் கொள்கை கடந்து வந்த பாதையை விவரிக்கும் வரலாற்று நூலை 1783இல் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்த ஜான் பிடில் போன்றோரின் நினைவை மீட்டது இந்நூல். பிரீஸ்ட்லி மீது கண்டனங்கள் குவிந்தபோது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களை நோக்கி 1788இல் அவருக்கு ஆதரவாக எழுதினார். 1791இல் யூனிட்டேரியன் நூல்களை மலிவாகப் பரப்பும் சங்கம் ஒன்று தோன்றியதில் முன்னின்றார். அதே ஆண்டு ஜூலையில் பர்மிங்காமில் கலகக் கும்பல் பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் எரித்தது. 1794இல் பிரீஸ்ட்லி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய அச்சம் நாட்டைப் பிடித்திருந்த அந்த ஆண்டுகளில் மாற்றுக்கொள்கையினர் அனைவருமே அரசுத் துரோகிகளாகப் பார்க்கப்பட்டனர். நெருங்கிய நண்பரின் பிரிவு முதியவரைத் தாக்கிய அளவுக்கு வேறெந்த இழப்பும் தாக்கவில்லை.

எழுபது வயதில், 1793இல், லிண்ட்சி மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். கடவுளின் ஆட்சியில் எல்லாமே இறுதியில் நன்மைக்கே என்னும் நம்பிக்கையை உரையாடல் வடிவில் விளக்கும் அவருடைய கடைசி நூல் 1802இல் வெளிவந்தது. எசெக்ஸ் தெருவிலேயே வாழ்ந்து 1808 நவம்பர் 3இல் காலமானார். டிசென்டர்கள் பலர் துயிலும் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சபைக்குப் பொருளுதவி செய்துவந்த எலிசபெத் ரெய்னர் அம்மையாரும், 1812இல் மறைந்த ஹன்னாவும், எசெக்ஸ் தெருவின் பிற்காலக் குருவும் லிண்ட்சியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான தாமஸ் பெல்ஷமும் அதே கல்லறையில் அடக்கமாயினர்.

பின்விளைவுகள்

திரித்துவத்தை மறுப்போருக்கு எதிரான தண்டனைகளை நீக்கும் சட்டம் லிண்ட்சி இறந்து ஐந்தாண்டுகள் கழித்து 1813இல் நிறைவேறியது. அதை முன்மொழிந்தவர் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஸ்மித். 1825இல் பிரித்தானிய, வெளிநாட்டு யூனிட்டேரியன் சங்கம் உருவானபோது எசெக்ஸ் தெரு அதன் மையமாயிற்று.

திருத்திய ஜெபப் புத்தகம் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முன்பு ஆங்கிலிக்கன் ஆலயமாயிருந்த கிங்ஸ் சேப்பல், ஜேம்ஸ் ஃபிரீமன் தலைமையில் 1785இல் இதே முறையில் தன் வழிபாட்டைத் திருத்திக்கொண்டது. தமிழகத்துக்கும் இத்தொடர்பு வந்து சேர்ந்தது. திருவேங்கடம் என்னும் இயற்பெயர் கொண்டு பின்னர் வில்லியம் ராபர்ட்ஸ் என அறியப்பட்ட தமிழர், ஆங்கிலேயரிடம் பணியாளாக இங்கிலாந்து சென்றபோது பிரீஸ்ட்லி, லிண்ட்சி ஆகியோரின் நூல்களைப் பெற்றுப் படித்து, சென்னை திரும்பியபின் தமிழரிடையே யூனிட்டேரியன் கிறித்தவச் சபை ஒன்றை உருவாக்கினார். ஐரோப்பிய மிஷனரி எவரும் அனுப்பப்படாமல், நூல்களின் வழியாகவே பிறந்த சபை அது. புரசைவாக்கத்தில் 1813இல் அதற்கு ஓர் ஆலயம் எழும்பியது. லண்டன் சங்கத்தாருக்கு ராபர்ட்ஸ் எழுதிய கடிதங்கள் அங்கே அச்சாகி, அவருக்கு ஆதரவைத் தேடித் தந்தன.

எசெக்ஸ் தெருச் சபையினர் 1880களில் மேற்கு லண்டனின் கென்சிங்டன் பகுதிக்கு இடம்பெயர்ந்தனர். நாட்டிங் ஹில் கேட்டிலுள்ள அவர்களுடைய ஆலயம் இன்றும் எசெக்ஸ் என்னும் பெயரையே தாங்குகிறது. பழைய ஆலயம் எசெக்ஸ் மண்டபமாக மாற்றப்பட்டு யூனிட்டேரியரின் தலைமையகமாயிற்று. 1944இல் ஜெர்மானியப் பறக்கும் குண்டு அதை இடித்துத் தள்ளியது. அதே இடத்தில் 1958இல் புதிய மண்டபம் எழுப்பப்பட்டது.